நாற்காலி கேட்கப் போனோம்

எங்கள் கடையின் கீழ்த்தட்டுகளைப் போலச் சுத்தமான இடம் இந்த ஊரிலேயே கிடையாது. திரைத்துணி, படுக்கை விரிப்பு, தலையணை உறை விற்கிற மூன்று மாடிக் கடை. மேல்தட்டில் தூசி விரல் கனத்துக்கு இருக்கும். கீழ்த்தட்டில் மட்டும் ஒவ்வொரு விரிப்பும் மூலைக்கு மூலை படிந்து, நிறவாரியாக அடுக்கி, பார்க்கவே அத்தனை அழகாக இருக்கும். வருகிறவர்கள் எங்கள் பொறுப்பைப் பாராட்டிவிட்டுப் போவார்கள். பொறுப்பாவது, பருப்பாவது. கீழ்த்தட்டை அடுக்குகிற சாக்கில்தான் குந்த முடியும். காலை ஒன்பதிலிருந்து இரவு எட்டு வரை உடம்பை மடக்க எங்களுக்குக் கிடைத்த ஒரே வழி அது.

மற்றபடி கடையின் விதிகள் கறாரானவை. உட்காரக் கூடாது. தூணில் சாயக் கூடாது. மேசையில் முழங்கை ஊன்றக் கூடாது. ஆள் வராத நேரத்திலும் கூடாது, ஏனென்றால் தெருவில் போகிறவர் கண்ணாடி வழியாகப் பார்த்தால் கடை தூங்கிவழிகிறது என்று நினைத்துவிடுவாராம். இதைக் கண்காணிக்க மாடிக்கு இரண்டு கேமரா. துணி திருடுகிறவனை அந்தக் கேமரா இதுவரை ஒருமுறைகூடப் பிடித்ததில்லை. நான் தூணில் சாய்ந்ததை நான்கு முறை பிடித்திருக்கிறது.

முதலாளியைக் கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். என் மகனுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து போன் வந்தபோது தன் காரிலேயே என்னை அனுப்பிவைத்த மனிதர். எங்களில் யாரையும் அம்மா போடாமல் கூப்பிட்டதில்லை. நாற்காலி என்ற சொல் காதில் விழுந்தால் மட்டும் ஆளே மாறிவிடுவார்.

"நானும் இருபத்தஞ்சு வருஷம் நின்னு வியாபாரம் பண்ணவன்தாம்மா. செத்தா போயிட்டேன்?" என்பார்.

நின்று நின்று மேலே வந்தவர்களிடம் இதுதான் தொல்லை. மேலே போய் உட்கார்ந்த பிறகு கால் வலி மறந்துபோகும், கால் வலித்த பெருமை மட்டும் மறக்காது.

விஷயத்துக்கு வருகிறேன். திரைத்துணிப் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக என் பக்கத்தில் நிற்கிறவள் மீட்டர் அக்கா. ஒரு ஜன்னலைப் பார்த்த மாத்திரத்தில் எத்தனை மீட்டர் துணி பிடிக்கும் என்று சொல்லிவிடுவாள், அதனால் அந்தப் பெயர். கணவர் போய்ச் சேர்ந்து ஏழு வருடம் ஆகிறது. ஒரே மகள் நர்ஸ் படிப்பில் கடைசி வருடம். இந்த வருடம் அக்காவின் கெண்டைக்காலில் நரம்பெல்லாம் பச்சையாகக் கயிறு கயிறாகப் புடைத்துக்கொண்டது. கணுக்காலில் ஒரு புண் வந்து ஆறவே மாட்டேன் என்றது. மணிக்குப் பத்து நிமிடமாவது உட்கார வேண்டும், முடியாவிட்டால் வேலையை விட வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அக்கா அந்தச் சீட்டை முதலாளியிடம் நீட்டினாள். அவர் இரண்டு தடவை படித்துவிட்டு, உண்மையான வருத்தத்தோடுதான் பேசினார்.

"ஒருத்தருக்குப் போட்டா நாப்பது பேருக்கும் போடணும்மா. நான் மட்டும் போட்டா மத்த கடைக்காரங்க சிரிப்பாங்க. ஏதோ மசோதா வருதுன்னு பேப்பர்ல போட்டிருக்கான். அது குழுவில தேறட்டும், மறுநாளே எல்லாருக்கும் போட்டுடறேன். இல்லைன்னா, உங்க உடம்பு முக்கியம், மாசக் கடைசியோட நின்னுக்கங்க."

அன்றைக்கு முழுக்க அக்கா கீழ்த்தட்டைக்கூட அடுக்கவில்லை.

அவர் சொன்ன மசோதா நிஜமாகவே இருந்தது. கடையில் வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும், வாடிக்கையாளர் இல்லாதபோது அவர்கள் உட்கார்ந்தால் தண்டிக்கக் கூடாது, இவ்வளவுதான் அதில். சட்டமன்றத்துக்குப் போகும் முன் ஏழு உறுப்பினர்கள் அடங்கிய குழு அதைப் பார்த்து அனுப்ப வேண்டும். மூன்று பேர் ஆதரவு, மூன்று பேர் எதிர்ப்பு. ஏழாவது ஆள் வாயே திறக்கவில்லை. அந்த மகானுபாவர் எங்கள் தொகுதிக்காரர். ஆரம்பப் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு அரசியலுக்கு வந்தவர் என்பதால் ஊரே அவரை வாத்தியார் என்றுதான் சொல்லும்.

"ஓட்டுப் போட்டோம்ல. போய்க் கேக்க வேண்டியதுதானே" என்றார் என் வீட்டுக்காரர். அவர் பஸ் ஓட்டுகிறவர். நாள் முழுக்க உட்கார்ந்து உட்கார்ந்து அவருக்கு முதுகு போய்விட்டது, நாள் முழுக்க நின்று நின்று எனக்குக் கால் போய்விட்டது. வீட்டில் இரண்டு தைலப் புட்டிகள் எப்போதும் திறந்தே இருக்கும். எங்கள் இருவரையும் சேர்த்து ஒட்டினால் ஒரு முழு மனிதர் தேறலாம்.

வாத்தியாரின் செயலாளர் ஒரு அம்மாள். மூன்று நாள் விடாமல் போன் செய்த பிறகு, "காலைல எட்டேகாலுக்கு வாங்க, பதினஞ்சு நிமிஷம்தான்" என்று நேரம் கொடுத்தார். நாங்கள் எட்டு மணிக்கே போய் நின்றோம். வரவேற்பறையில் நீளமான சோபா இருந்தது. அதன் பக்கத்தில் நின்றோம். அப்போதே என் மண்டையில் உறைத்திருக்க வேண்டும்.

வாத்தியாரின் அறை சின்னது. மேசை, காகிதம் பிதுங்கும் அலமாரி, கிழக்கே பார்த்த பெரிய ஜன்னல், எங்களுக்காக இழுத்துப் போட்ட இரண்டு நாற்காலிகள்.

"வாங்கம்மா, உக்காருங்க" என்றார்.

"பரவாயில்லைங்க" என்றோம் இருவரும் ஒரே குரலில். வாடிக்கையாளரிடம் சொல்வது அப்படியே வாயில் வந்துவிட்டது. கைகளை முன்னால் கட்டிக்கொண்டு, முகத்தில் கடைச் சிரிப்போடு, மேசைக்கு இரண்டு பக்கமும் நின்றோம்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஐயா, நாங்க துணிக்கடையில வேலை பார்க்கறோம்" என்று ஆரம்பித்தேன். ராத்திரி எழுதி மனப்பாடம் செய்தது. ஆனால் அக்காவின் கண் ஜன்னலுக்குப் போய்விட்டது. திரை ஒருபக்கம் நான்கு விரல் தூக்கிக்கொண்டு, மடிப்புக்குத் துணி போதாமல் விறைப்பாகத் தொங்கியது. நடுவில் இருந்த சந்து வழியாக வெயில் நேராக வாத்தியாரின் கண்ணில் அடித்தது. இருபத்திரண்டு வருடப் பழக்கம் சும்மா விடுமா?

"ஐயா, இதை யாரு தைச்சாங்க?" என்று கேட்டாள் அக்கா.

"ஏம்மா?"

"இதுக்கு அஞ்சரை மீட்டர் வேணுங்க. நாலுல முடிச்சிருக்காங்க."

"மூணு வருஷமா இந்த வெயில்ல கண்ணு கூசுதும்மா. கேட்டா, ஜன்னல் அப்படின்னு சொல்றாங்க" என்று வாத்தியார் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"ஜன்னல் மேல என்னங்க தப்பு? பாவம்" என்றாள் அக்கா.

நானாவது சுதாரித்திருக்க வேண்டும். என்ன செய்தேன் தெரியுமா? திரைக்குப் பின்னால் உள்துணி கொடுத்தால் வெயில் தாங்கும், அதில் இரண்டு ரகம் உண்டு, துவைத்தால் சுருங்காதது எது என்று ஆரம்பித்துவிட்டேன். அக்கா திரையின் ஓரத்தைப் பிடித்து மடிப்பு எப்படி விழ வேண்டும் என்று காட்டினாள். வாத்தியார் குறிப்பெடுத்துக்கொண்டார். செயலாளர் அம்மாள் கதவைத் தட்டியபோது, அவர் வீட்டுச் சமையலறை ஜன்னல் வரைக்கும் போயிருந்தோம்.

"ஐயையோ, நாற்காலி" என்றேன்.

இருந்த ஒரு நிமிடத்தில் டாக்டர் சீட்டு, மசோதா, மாசக் கடைசி எல்லாவற்றையும் போட்டுக் கொட்டினேன். வாத்தியார் பொறுமையாகக் கேட்டார். பிறகு பேனாவை மூடினார்.

"மனசுல ஒண்ணு வெச்சுக்கிட்டு வெளியில ஒண்ணு பேச எனக்கு வராதும்மா. உங்க முதலாளி போன வாரம் வந்திருந்தார். நிக்கறது அவங்களுக்கு ஒரு கஷ்டமே இல்லை, உக்காரச் சொன்னாலும் உக்கார மாட்டாங்கன்னார். நான் நம்பலை. இப்ப பாருங்க, ரெண்டு நாற்காலியும் காலியா இருக்கு. பதினஞ்சு நிமிஷமா நிக்கறீங்க, சிரிச்சுக்கிட்டே நிக்கறீங்க. நானும்தான் முப்பது வருஷம் கரும்பலகைக்கு முன்னாடி நின்னேன்."

இன்னொரு நின்றவர். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. நாற்காலிகளைப் பார்த்தேன். அவை பாட்டுக்குச் சும்மா இருந்தன. அப்போதாவது உட்கார்ந்து தொலைக்கலாம் என்று பார்த்தால், நேரம் முடிந்துவிட்டது.

படிக்கட்டில் எங்களுக்குள் நடந்ததை எழுதினால் அச்சில் ஏற்ற மாட்டார்கள்.

"உன்னை யாருக்கா திரையைப் பார்க்கச் சொன்னா?"

"நீ மட்டும் என்ன, உள்துணி ரெண்டு ரகம்னு கடையே விரிச்சுட்டே."

"வலிய வந்த நாற்காலியை ரெண்டு பேரும் சேர்ந்து உதைச்சுத் தள்ளிட்டோம்" என்றேன். பிறகு அழுகை வந்தது. எனக்காக இல்லை. அக்கா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாகக் காலை இழுத்து இறங்கினாள். மாசக் கடைசிக்கு இன்னும் பதினோரு நாள்தான் இருந்தது.

பின்னாலிருந்து செருப்புச் சத்தம் கேட்டது. செயலாளர் அம்மாள் இறங்கி வந்து எங்களைப் பிடித்தார்.

"அடுத்த புதன்கிழமை குழு கூடுது. பொதுமக்கள் யார் வேணும்னாலும் பேர் கொடுத்து மூணு நிமிஷம் பேசலாம். அன்னைக்கே ஓட்டும் எடுத்துடுவாங்க. உங்க ரெண்டு பேர் பேரையும் எழுதிடட்டுமா?" என்று கேட்டார். நாங்கள் தலையாட்டியதும் பெயர்களைக் குறித்துக்கொண்டார். "அங்கயும் நாற்காலி போட்டிருக்கும். தயவுபண்ணி உக்காருங்க."

உட்காருவதற்கு ஒத்திகை பார்த்த குடும்பம் உலகத்தில் எங்களுடையதாகத்தான் இருக்கும். ஆறு தலையணைகளைச் சுவரோரம் வரிசையாக நிறுத்தி வைத்தார் என் வீட்டுக்காரர். ஏழாவது உறுப்பினர் அவரே. நானும் அக்காவும் சாப்பாட்டு மேசை நாற்காலிகளில் உட்கார்ந்து பேச வேண்டும். அவர் இருமுவார், கேள்வி கேட்பார், வெளியே போய்விட்டு விறைப்பாக உள்ளே வருவார். நாங்கள் அசையக் கூடாது. நான் துளிகூட அசையவில்லை.

"பரவாயில்லையே, பிரமாதம்" என்றார்.

"உங்களைப் பார்த்து எந்திரிக்கற பழக்கம் கல்யாணமான வாரமே போயிடுச்சு" என்றேன்.

அக்கா சிரித்தாள். பல நாள் கழித்துச் சிரித்தாள். நன்றாக உட்காருகிறோம், தைரியமாகப் பேசுகிறோம், இனி என்ன குறை என்று எனக்கும் நம்பிக்கை வந்துவிட்டது.

புதன்கிழமை இருவரும் 'வீட்டு வேலை' என்று சொல்லி அரை நாள் விடுப்பு வாங்கிக்கொண்டு போனோம். குழு அறை பெரிதாக, குளிராக இருந்தது. வளைந்த மேசைக்குப் பின்னால் ஏழு பேர், நடுவில் தலைவர், ஓரத்தில் வாத்தியார். எதிரே எங்களுக்குச் சின்ன மேசை, ஒரு மைக், மெத்தை வைத்த இரண்டு நாற்காலிகள். என் வீட்டுக்காரர் பார்வையாளர் வரிசையில் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நாங்கள் போன வேகத்தில் உட்கார்ந்தோம். தலைவர் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்துவிட்டோம் என்றுகூடச் சொல்லலாம். ஜன்னல் பக்கம் அக்கா திரும்பக் கூடாது என்று அவளை உள்பக்கமாகப் போட்டிருந்தேன். நான் மைக்கை இழுத்துக்கொண்டு கடையைப் பற்றிச் சொன்னேன். கேமராவைச் சொன்னேன். அக்கா புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் புண்ணைக் காட்டினாள். ஆதரவு தருகிற மூன்று பேரும் முகத்தைச் சுளித்து உச்சுக்கொட்டினார்கள். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது.

அப்போது எதிர்க்கிற மூன்று பேரில் ஒருவர், சட்டைப் பொத்தான்கள் திணறுகிற பெரியவர், கையைத் தூக்கினார்.

"உங்க தொகுதி உறுப்பினர்கிட்ட போனீங்களாமே. நாற்காலி போட்டும் உக்காரவே இல்லையாமே?"

அறையில் சிரிப்பு எழுந்தது. வாத்தியார் காகிதத்தைப் பார்த்துக்கொண்டார். அவர்தான் யாரிடமோ உளறியிருக்க வேண்டும்.

"அது பழக்கதோஷங்க" என்றேன்.

"அதைத்தான் நானும் சொல்றேன். பழகிப்போச்சு. பழகினது எப்படிம்மா கஷ்டமாகும்?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. கோபம் வந்தால் எனக்குப் பேச்சு நன்றாக வரும். "பழகினா வலிக்காதுன்னு உங்களுக்கு யாருங்க சொன்னது? இந்தக் காலைப் பாருங்க, இது இருபத்திரண்டு வருஷமா..." என்று மளமளவென்று பேசிக்கொண்டே போனேன். பக்கத்துக் கதவு திறந்தது ஓரக்கண்ணில் தெரிந்தது. நான் நிறுத்தவில்லை. இன்னும் நாலு வாக்கியம் பேசியிருப்பேன். ஆனால் அறையில் என் குரலே கேட்கவில்லை. மைக் கெட்டுவிட்டதோ என்று குனிந்து பார்த்தேன். மைக் என் வயிற்றுக்கு நேராக இருந்தது.

நான் நின்றுகொண்டிருந்தேன்.

பக்கத்தில் அக்காவும் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கையையும் முன்னால் கட்டி, முதுகை நிமிர்த்தி, கடைச் சிரிப்போடு. கதவருகே கையில் கோப்போடு முதலாளி. கடைக்காரர் சங்கத்தின் சார்பில் பேச வந்திருக்கிறார், வண்டி நிறுத்த இடம் கிடைக்காமல் தாமதமாகிவிட்டதாம். எங்களைப் பார்த்ததும் அவரும் திகைத்துப்போய் நின்றார்.

கெடுத்தோம் என்று நினைத்தேன். பார்வையாளர் வரிசையில் என் வீட்டுக்காரர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். பொத்தான்காரர் கையை விரித்துக் காட்டி, "பாத்தீங்களா, நான் சொல்லலை?" என்றார். மறுபடியும் சிரிப்பு.

வாத்தியார் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு எங்களையே பார்த்தார். பிறகு மெதுவாக முதலாளியைப் பார்த்தார்.

"ஏம்மா எந்திரிச்சீங்க?" என்று கேட்டார்.

பொய் சொல்ல எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. "தெரியலைங்க. நான் எந்திரிச்சது எனக்கே தெரியாது" என்றேன்.

"உக்காருங்க."

உட்கார வேண்டும் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. முதலாளி அங்கே நின்றுகொண்டிருந்தார். கால் மடங்க மாட்டேன் என்றது. அக்காவைப் பார்த்தேன், அவளும் பாதி குனிந்து பாதியில் நின்றாள். அவள் நெற்றி வேர்த்திருந்தது. அந்தக் கணத்தில் எனக்கு வந்த வெட்கத்தை எந்தத் தராசில் போட்டு நிறுப்பது? இத்தனை வயதில், இத்தனை பேர் முன்னால், என் முழங்கால் என் பேச்சைக் கேட்கவில்லை.

சிரிப்பு மெல்ல அடங்கியது.

"நான் வகுப்புக்குள்ள நுழைஞ்சா பசங்க இப்படித்தான் எந்திரிப்பாங்க" என்றார் வாத்தியார். யாருக்கும் குறிப்பாக இல்லாமல், மேசையைப் பார்த்துச் சொன்னார். "நான் சொல்ற வரைக்கும் ஒருத்தனும் உக்கார மாட்டான். அவங்களுக்கு எட்டு வயசு. உங்களுக்கு எத்தனை வயசும்மா?"

"அம்பத்திரண்டுங்க" என்றாள் அக்கா.

வாத்தியார் முதலாளி பக்கம் திரும்பினார். "ஐயா, நான் சொல்லிப் பார்த்தேன், உக்கார மாட்டேங்கறாங்க. நீங்க சொன்னாத்தான் ஆகும்போல இருக்கு. கொஞ்சம் சொல்லுங்களேன்."

முதலாளி கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டார். கடைக்குள் கால் வைக்கிற எல்லாரிடமும் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிற சொல்தான். எங்களைப் பார்த்துச் சொல்ல அவருக்கு அது வரவில்லை. ஏழு பேரும் காத்திருந்தார்கள். பதிவு செய்கிற பெண் விசைப்பலகையில் விரலை வைத்துக் காத்திருந்தாள். அவர் முகத்தில் முதலில் கோபம் வந்தது, பிறகு குழப்பம். பிறகு அவர் பார்வை இறங்கி அக்காவின் கணுக்காலுக்குப் போனது. டாக்டர் சீட்டை இரண்டு முறை படித்தவர், காலை அன்றைக்குத்தான் பார்த்தார்.

"உக்காருங்கம்மா" என்றார்.

உட்கார்ந்தோம். அக்கா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எனக்கோ சிரிப்பு வந்துவிட்டது, அடக்க முடியவில்லை. ஒருத்தி அழுகிறாள், ஒருத்தி சிரிக்கிறாள், பதிவுக்காரி எதைப் பதிவது என்று தெரியாமல் தலைவரைப் பார்த்தாள்.

சங்கத்தின் சார்பில் பேசுகிறாரா என்று தலைவர் முதலாளியைக் கேட்டார். அவர் கோப்பைத் திறந்து, முதல் தாளைப் பார்த்துவிட்டு மூடினார். எழுதிக் கொடுத்திருப்பதே போதும் என்றார். ஓட்டெடுத்தார்கள். முதலில் மூன்று கைகள் உயர்ந்தன. வாத்தியார் எல்லாரும் பார்க்கும்படி நேராகத் தூக்கினார், பாடம் நடத்திய கை அல்லவா. நாலுக்கு மூன்று. என் வீட்டுக்காரர் முதுகு வலியை மறந்து குதித்துவிட்டு, உடனே ஞாபகம் வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

கூட்டம் கலைந்தபோது முதலாளி எங்கள் மேசை வழியாகத்தான் வெளியே போக வேண்டியிருந்தது. அவர் கிட்ட வர வர, எனக்குத் தொடை துடித்தது. அக்கா மேசைக்கு அடியில் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவர் எங்கள் பக்கத்தில் வந்து நின்று, கோப்பை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"ஒண்ணாந்தேதி புதுச் சரக்கு வருதும்மா. காலைல கொஞ்சம் சீக்கிரம் வந்துடுங்க, ரெண்டு பேரும்" என்றார்.

"சரிங்க" என்றாள் அக்கா, உட்கார்ந்தபடியே.